லேக் கார்டன்ஸுக்கு நான் கொண்டுவந்த வெளிநாட்டு வாசல்

வெளிநாடு போய் வந்தவனோடு ஒரு வருடத்துக்கு யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வரவேண்டும். மாங்காயை வைக்கோலில் போட்டு மூடுவது போல அவனையும் ஓர் அறையில் போட்டு மூடிவிட்டு, 'அங்கேயெல்லாம்...' என்று தொடங்கும் வாக்கியம் அவன் வாயிலிருந்து தானாக உதிர்ந்த பிறகுதான் வெளியே விடவேண்டும். என்னை யாரும் மூடி வைக்கவில்லை. வைத்திருந்தால், கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் தெருவில் துர்க்கையம்மன் குடும்பத்தோடு லாரியில் காத்துக் கிடந்திருக்க மாட்டாள்.

நான் பெரிய உலகம் சுற்றியெல்லாம் இல்லை. மைத்துனர் சிங்கப்பூரில் இருந்தார், பிறகு துபாய்க்கு மாறினார், பிறகு ஜப்பானுக்கு மாறினார். அவர் மாறிய இடத்துக்கெல்லாம் நாங்களும் ஒருமுறை போய்ப் பாசத்தைக் காட்டிவிட்டு வந்தோம். போன ஊரிலெல்லாம் என் மனைவி மீனாவும் மகள் நித்யாவும் முதலில் கேட்டது கேளிக்கைப் பூங்கா. எனக்கோ முடிவெட்டும் கடை நாற்காலியைச் சுற்றினாலே தலை சுற்றும். ஆகவே அவர்கள் இருவரும் ஆகாயத்தில் தலைகீழாகத் தொங்கி அலறிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம், நான் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் மூன்று பைகளையும் ஒரு குடையையும் காவல் காத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மனிதனைப் பை காக்க வைத்தால் அவன் ஒன்று தூங்குவான், இல்லாவிட்டால் நிபுணனாகிவிடுவான். நான் தூங்கியிருக்கலாம்.

சிங்கப்பூர் வாசலில் எதைச் செய்யக்கூடாது என்று படம் போட்ட பலகைகளை வரிசையாகப் படித்தேன். படித்து முடித்தபோது மூச்சு விடுவது மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது போலத் தோன்றியது. துபாயில் வாசலே குளிர்சாதனப் பெட்டி. பெஞ்சில் நான் தக்காளி மாதிரி வாடாமல் இருந்தேன். ஜப்பானில்தான் என் மனம் பறிபோனது. ஒரு குழந்தை கையிலிருந்து சோளப்பொரி விழுந்தது. அது தரையைத் தொட்டதா என்று நான் குனிந்து பார்ப்பதற்குள் ஒருவர் வந்து, குழந்தையிடம் மன்னிப்புக் கேட்பது போல வணங்கி, துடைத்துவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் யாருமே தொடாத கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். (எங்கள் வீட்டு ஃபேன் ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கியது. மீனாவிடம் சொன்னேன். "ஏணி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள்.)

பிறகு நம் ஊர். சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவுக்குப் போனோம். வாசலில் சிமெண்டுக் கோமாளி வாய் பிளந்து நிற்பான். அவன் வாய்க்குள்தான் நுழையவேண்டும். பையைச் சோதித்த அம்மாள் புளியோதரைப் பொட்டலத்தை வெடிகுண்டு மாதிரி இரண்டு விரலால் தூக்கி, "வெளிச் சாப்பாடு நாட் அலவுட் சார்" என்றார். கல்கத்தாவில் நாங்கள் போன பூங்காவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாசலில் ஒரு டைனோசர், கீழ்த்தாடை இல்லை. தாடை கழன்று விழுந்து, அதன் காலடியிலேயே ஒரு பருவமழை பார்த்த தோற்றத்தில் கிடந்தது. 'என்னைப் பயன்படுத்துங்கள்' என்று நெஞ்சில் எழுதிக்கொண்ட பென்குயின் குப்பைத் தொட்டிகள், அஜீரணம் வந்தவை போல வாய் வழிய நின்றன. டிக்கெட் ஜன்னலின் ஓட்டை இடுப்பு உயரத்தில். சீட்டு வாங்க வருகிற ஒவ்வொருவரும் உள்ளே இருப்பவருக்குச் சாஷ்டாங்கத்தில் பாதி போட்டாகவேண்டும்.

இதையெல்லாம் நான் மனதோடு வைத்துக்கொண்டிருந்தால் அது ஞானம். நான் தெருமுனை டீக்கடையில் சொன்னேன். தினமும் சொன்னேன்.

எங்கள் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை. என் தாத்தா ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகத் திருநெல்வேலியிலிருந்து கல்கத்தா வந்தவர். மூன்று தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம். தெருவில் எனக்குப் பெயர் 'பிள்ளைதா'. பிள்ளை அண்ணா என்று அர்த்தம். (ஊரிலிருந்து வந்த அத்தை ஒருத்தி, தெருவே என்னைப் பார்த்து 'பிள்ளை தா, பிள்ளை தா' என்று கேட்பதைக் கண்டு, "இவன் என்ன சாமியாரா ஆயிட்டானா?" என்று கவலைப்பட்டாள்.) மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் துர்கா பூஜைக் கமிட்டி என்று வந்தால் மட்டும், மூன்று தலைமுறையாக எங்களுக்கு ஒரே பதவிதான்: நன்கொடையாளர். ரசீதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தவேண்டியது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கொலு வேறு நடக்கும். மீனாவுக்குச் சுண்டல், எனக்குப் படி கட்டுகிற வேலை. அவர்கள் பூஜை அவர்களுக்கு, எங்கள் பூஜை எங்களுக்கு. ஆனாலும் கமிட்டிக்காரர்கள் மார்பில் குத்திக்கொண்டு திரிகிற அந்தச் சிவப்பு ரிப்பன் பேட்ஜைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ செய்யும். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவன் ரிப்பனுக்கு ஏங்குவதை வெளியே சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கமிட்டிச் செயலாளர் பல்டுதா. வங்கியில் வேலை, உயிர், பூஜை நடத்தும் தெருக் கிளப்பில். வருடத்துக்கொரு தீம் பிடித்துப் பந்தல் போட்டுத் தெருக்கள் மோதும் போட்டியில் எங்கள் தெருப் பந்தல் எந்தப் பரிசும் வாங்கியதில்லை என்பது அவருக்கு நெஞ்சில் தைத்த முள். பக்கத்துத் தெருக்காரர்கள் தேங்காய் நாரில் பந்தல் போட்டுப் பரிசு வாங்கினார்கள். நாங்கள் மறு வருடம் மண் குவளையில் போட்டோம். மழை வந்து, கங்கைக்குப் போகாமலே பந்தல் தானாகக் கரைய ஆரம்பித்தது.

அப்படியிருக்கையில் ஒரு நாள் டீக்கடையில் நான் ஜப்பான் சோளப்பொரியை எத்தனையாவதோ முறை துடைத்துக்கொண்டிருந்தபோது பல்டுதா குவளையைக் கீழே வைத்தார்.

"பிள்ளைதா, இந்த வருஷத் தீம் கிடைச்சாச்சு. வெளிநாட்டுப் பூங்கா! உள்ள நுழைஞ்சா கல்கத்தாங்கிறதே மறந்துபோகணும். வாசலுக்கு நீங்கதான் இன்சார்ஜ்."

(தெருவில் எல்லாம் வங்காள மொழியில்தான் நடக்கும். உங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.)

"நானா? எனக்கு என்ன தெரியும்..." என்று இழுத்தேன். அடக்கத்துக்காக அல்ல. அவர் இன்னொரு முறை கெஞ்சட்டும் என்று.

"நாலு நாட்டு வாசல்ல உட்கார்ந்த ஆள் இந்த வார்டுலயே நீங்க ஒருத்தர்தான்."

அதைவிடத் துல்லியமாக என் தகுதியை யாரும் சொன்னதில்லை. மறு நாளே மார்பில் ரிப்பன் ஏறியது. அதைக் குத்திக்கொண்டு ஆபீசுக்கே போனேன் என்று மீனா இன்றைக்கும் சொல்வாள். பொய். பஸ்ஸில் கழற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து என்னைப் பிடிக்க முடியவில்லை. எனக்கு ஒரு கொள்கை இருந்தது. நல்ல பூங்காக்களில் வாசலில் எல்லாவற்றையும் காட்டிவிட மாட்டார்கள். முதலில் தாழ்வாக, குறுகலாக, சுரங்கம் மாதிரி ஒரு வழி. அதில் போய் மறுபக்கம் வெளியே வந்தால் திடீரென்று ஆகாயம் திறந்துகொள்ளும், நம் வாயும் திறந்துகொள்ளும். இதை நான் பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். உள்ளே போகிறவர்கள் சாதாரண முகத்தோடு போய், மறுபக்கம் 'ஆ' என்று ஆவதை எத்தனை மணி நேரம் பார்த்திருப்பேன்!

"லேசாத் தலையைக் குனிஞ்சு நுழையணும்" என்று கிளப்பில் கேரம் போர்டின்மேல் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினேன். "நிமிர்ந்தா, அம்மன்!"

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட எரிச்சலை மறந்து கை தட்டினார்கள். பல்டுதா என் தோளில் கைபோட்டு, "இதுதான் தீம்!" என்றார்.

அடுத்த கொள்கை: பராமரிப்பு. "நம்ம நாட்டு வியாதியே இதுதான். திறப்பு விழா அன்னிக்கும் ஒரு பக்கம் ஆணி அடிச்சிட்டு இருப்பான். வெளிநாட்டுல இப்படி உண்டா? முன்வாசலை முதல்ல முடிங்க. முழுசா முடிங்க. பின்னாடி என்ன வேணா பண்ணிக்கலாம்." பந்தல் போடும் டெகரேட்டர் ஹாருதா, அந்த வருடம் ஊர் முழுக்க மூங்கில் நட்டுக்கொண்டிருந்தவர், தலையை ஆட்டி, ஆள்களை விட்டுவிட்டு அடுத்த பந்தலுக்கு ஓடினார். ஆட்கள் நான் சொன்னதைச் சொன்னபடி கட்டினார்கள். முன்பக்கம் முழுவதும் ஒட்டுப்பலகையில் ஒரு கோட்டை. நடுவில் கடிகாரக் கோபுரம். அதன் அடிவயிற்றில் என் சுரங்கம்.

சுரங்கத்தின் வாயில் சுழல் கம்பி வேண்டாமா? ஒவ்வொருவராகக் கம்பியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால்தானே ஒழுங்கு வரும்? கிடர்பூரில் என் ஆபீசுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன. உடைத்த கப்பலிலிருந்து வந்த மணி முதல் மூடிய சினிமாக் கொட்டகையின் நாற்காலி வரை கிடைக்கும். அங்கே இரண்டு சுழல் கம்பிகளைக் கண்டுபிடித்து, கைவண்டியில் ஏற்றி, லாரிக்கு மாற்றி, லேக் கார்டன்ஸில் இறக்கினேன். ஆடாமல் நிற்கவேண்டும் என்று குழி தோண்டிச் சிமெண்ட் போட்டு நட்டேன். சிமெண்டுக்குத் தினமும் காலையில் நானே தண்ணீர் ஊற்றினேன். நான் வளர்த்த எந்தச் செடியும் அப்படி வேர் பிடித்ததில்லை.

இரண்டு பென்குயின் தொட்டிகளும் வைத்தேன். புத்தம் புதியவை. தினமும் துடைத்தேன். மாடியிலிருந்து புலு மாஷிமா பார்த்துக்கொண்டே இருப்பார். மாஷிமா என்றால் சித்தி. தெருவுக்கே அவர் சித்தி, பந்தல் அவர் வீட்டுச் சுவரோடு ஒட்டித்தான் வரும், அவர் பால்கனியிலிருந்து வராத விமர்சனம் கிடையாது. "பிள்ளை, உன் பெண்டாட்டியை ஒருநாளாவது இப்படிக் கவனிச்சிருப்பியா?" என்றார்.

பஞ்சமிக்கு முதல் நாள் வாசல் தயார். ஒரு ஆணி பாக்கி இல்லை. நான் தெருவின் எதிர்ப்புறம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பை எதுவும் காக்காமல், என் வாசலைப் பார்த்தேன். மறு நாள் மாலை திறப்பு விழா. கவுன்சிலர், ஒரு தொலைக்காட்சி நடிகை, பரிசுக்குப் பார்வையிட வரும் நடுவர்கள். எல்லாருமே குனிந்து நுழைந்து, நிமிர்ந்து, 'ஆ' என்று சொல்லப் போகிறார்கள். ரிப்பனை நேராக்கிக்கொண்டேன்.

பஞ்சமி காலை, பல் தேய்க்கிற நேரம். தெருமுனையில் டாக் மேளம் அதிர்ந்தது. சங்கு ஊதினார்கள். பால்கனிகளிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். என்ன கலாட்டா என்று வாயில் நுரையோடு வெளியே வந்து பார்த்தேன்.

சிலை செய்கிறவர்கள் இருக்கும் குமார்டுலியிலிருந்து அம்மன் வந்துகொண்டிருந்தாள். லாரியில்.

இங்கே நான் ஒன்று சொல்லியாகவேண்டும். எங்கள் வீட்டில் அம்மன் பரணிலிருந்து வருவாள். பழைய டி.வி. அட்டைப்பெட்டியில், செய்தித்தாள் சுற்றி, கொஞ்சம் பாச்சை உருண்டை வாசனையோடு. ஒரு கையால் தூக்கிப் படியில் வைத்துவிடுவேன். பிறந்ததிலிருந்து கல்கத்தாவில் இருக்கிறேன்; ஆயிரம் பந்தல் பார்த்திருக்கிறேன்; எல்லாவற்றிலும் அம்மன் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தாள். எப்படி உள்ளே போனாள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவள் வருகிற வேளையில் நான் ஒவ்வொரு வருடமும் கொலுவுக்குப் பூ வாங்கப் போயிருப்பேன்.

லாரியில் நின்றது கொலுப் பொம்மை அல்ல. ஒரே சட்டத்தில் முழுக் குடும்பம். நடுவில் பத்துக் கையோடு துர்க்கை, கீழே சிங்கம், சிங்கத்தின் வாயில் அசுரன், ஒரு பக்கம் லட்சுமியும் கணேசனும், மறுபக்கம் சரஸ்வதியும் கார்த்திக்கும். பின்னால் அரை வட்டமாக ஜரிகைத் திருவாசி. அம்மனின் கிரீடம் மாஷிமாவின் முதல் மாடிப் பால்கனியை எட்டிக்கொண்டிருந்தது.

லாரி வாசல் முன்னால் வந்து நின்றது. மேளம் கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு ஒருவர் நிறுத்த, மற்றவரும் நிறுத்தினார்.



எல்லாரும் அம்மனைப் பார்த்தார்கள். பிறகு வாசலைப் பார்த்தார்கள். பிறகு, சொல்லிவைத்தாற்போல, என்னைப் பார்த்தார்கள். என் வாயில் இன்னும் நுரை இருந்தது.

பல்டுதா மெதுவாகக் கேட்டார். "பிள்ளைதா. மா டுக்பே தோ?"

அம்மா உள்ளே நுழைவாளா? அவ்வளவுதான் கேள்வி. இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான் சுரங்கத்தைப் பார்த்தேன். நடிகை லேசாகக் குனிந்தால் நுழைவாள். சிங்கம் தனியாக வந்தால் நுழையும்.

"பின்பக்கமா..." என்றேன்.

"பின்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர்."

"பக்கவாட்டில..."

"ஒரு பக்கம் மாஷிமா சுவர். இந்தப் பக்கம் குளம்." பல்டுதா குளத்தைக் கையால் காட்டினார். "எப்பவுமே முன்பக்கத்தைத் திறந்து வெச்சிட்டு, அம்மா உள்ள போன பிறகுதானே முகப்பு கட்டுவோம்? இந்த வருஷம் நீங்க முதல்லயே முடிக்கச் சொன்னதும், வெளிநாட்டுல இதுக்கு ஏதோ வழி இருக்கும்னு நினைச்சேன்."

"வெளிநாட்டுல அம்மன் வரமாட்டாளே" என்றேன். வாழ்க்கையில் சில உண்மைகள் தாமதமாகத்தான் வரும்.

மேலிருந்து மாஷிமாவின் குரல்: "என்ன பல்டு, அம்மா டிக்கெட் எடுக்கலையாமா?"

சிலையைச் செய்த நிமாய் பால் லாரியிலிருந்து குதித்தார். யாரோ ஓர் அறிவாளி, "கொஞ்சம் சாய்ச்சு, படுக்க வெச்சு..." என்று தொடங்கினார். "பச்சைக் களிமண்! என் மூணு மாச வேலை! சாய்க்கிறவன் மேல முதல்ல நான் விழுவேன்!" என்று நிமாய் பால் கத்தினார். சட்டத்தைப் பிரித்து ஒவ்வொருவராகக் கொண்டுபோகலாமா என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அசுரன்கூட எனக்காகப் பரிதாபப்பட்டிருப்பான். சட்டத்தின் ஓரத்தில் மயிலோடு நின்ற கார்த்திக்கைப் பார்த்தேன். ஆயிரம் இருந்தாலும் நம் ஊர் முருகனாயிற்றே என்று. சுருட்டிய மீசையோடு அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பல்டுதா அதைக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு.

"பிள்ளைதா, கிடர்பூர்ல நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

என் தொழிலை இதுவரை சொல்லாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் துறைமுகத்தில் ஒரு சரக்கு கிளியரிங் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் பிரிவு, பெரும் சரக்கு. அதாவது கொதிகலன், டிரான்ஸ்ஃபார்மர், ராட்சசக் குழாய் இவையெல்லாம் கப்பலிலிருந்து இறங்கினால் உயரம் என்ன, அகலம் என்ன, எந்த கேட்டில் இடிக்கும், எந்தப் பாலத்தில் முட்டும் என்று அளந்து சொல்வதுதான் என் பிழைப்பு. அதற்குத்தான் சம்பளம். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு கொதிகலனையும் நான் எங்கேயும் முட்ட விட்டதில்லை.

"சரக்கு... கிளியரிங்" என்றேன்.

"ஓ" என்றார் பல்டுதா.

மீனா கீழே இறங்கி வந்திருந்தாள். கையில் கொலுவுக்கு ஊறவைத்த கடலைப் பாத்திரம். அம்மனைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். "ஏங்க, அளக்கவே இல்லையா?" என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்த்து, "சரி, வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்க முதல்ல" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்மேல் காட்டிய பெரிய கருணை அது.

மழை தூறத் தொடங்கியது. பிளாஸ்டிக் தாளைத் தூக்கிக்கொண்டு அம்மனைப் போர்த்த ஓடினார்கள். களிமண் நனைந்தால் தீர்ந்தது. மாலை திறப்பு விழாவுக்குள் அவள் பீடத்தில் ஏறாவிட்டால் பரிசு மட்டுமல்ல, மறு நாள் சஷ்டிக்குப் பூஜையே இல்லை. தெருவின் மொத்த வருடமும் லாரியில் ஒரு பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் நின்றது.

"உடை" என்றார் பல்டுதா.

ஹாருதாவுக்குப் போன் போட்டதும், அவர் வேறொரு பந்தலிலிருந்து ஆள்களோடு வந்து சேர்ந்தார். கயிறுகளை அறுத்தார்கள். என் கடிகாரக் கோபுரம் ஒருமுறை அசைந்தது; பிறகு யோசித்து, நான் தினமும் துடைத்த பென்குயின்களில் ஒன்றின் மேல் விழுந்தது. பென்குயினின் தலை உருண்டு வந்து என் காலில் நின்றது. கோட்டைச் சுவர் பாதியில் கிழிந்தது. பல்புச் சரங்கள் தொங்கின. எல்லாம் வந்துவிட்டன, சுழல் கம்பிகளைத் தவிர. அவை என் சிமெண்டில் நின்றன. கடப்பாறை போட்டார்கள், சம்மட்டி போட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஹாருதா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கலவை போட்டீங்க பிள்ளைதா?"

"கொஞ்சம் ஸ்ட்ராங்கா..."

"பாலம் கட்டலாம் இதுல."

நானும் ஒரு சம்மட்டியை வாங்கினேன். நட்டவனே பிடுங்குவதுதான் முறை என்று. இரண்டு அடி அடித்தேன். மூன்றாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு, வேறு வழியில்லாமல், ஒரு நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டேன். நித்யா தன் கல்லூரிப் பையை என் மடியில் வைத்தாள். "அப்பா, நீ பையைப் பாத்துக்கோ. நான் போய் பிளாஸ்டிக் பிடிக்கிறேன்." என் இடத்துக்கு நான் திரும்பி வந்திருந்தேன்.

பிற்பகலில் கடைசிக் கம்பி வந்தது. மேளம் மறுபடி எழுந்தது. தோள்கள் சேர்ந்தன. கிழிந்த கோட்டையின் நடுவே இருந்த அந்தப் பெரிய ஓட்டை வழியாக, தொங்கும் வயர்களுக்கு இடையே, அம்மன் தலை குனியாமல் உள்ளே போனாள். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. நானும் 'ஆ' என்றேன். பாதி பக்தி, பாதி இடுப்பு.

முகப்பை மீண்டும் கட்ட நேரம் இல்லை. கவுன்சிலர் கார் வந்துவிட்டது. பின்னாலேயே நடுவர்கள். வாசலில் இடிந்த கோட்டை, சரிந்த கோபுரம், பிய்ந்த தரை, தலையில்லாத பென்குயின். கதர் ஜோல்னாப் பை மாட்டிய ஒரு நடுவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இது என்ன தீம்?" என்றார்.

பல்டுதா வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களை இருபத்தைந்து வருடம் பார்த்த முகத்தோடு சொன்னார்: "பராமரிப்பு இல்லாத கேளிக்கைப் பூங்கா. மனிதன் கட்டியது எல்லாம் பாழாகும். அம்மா மட்டும் நிலைப்பாள்."

நடுவர் நீண்ட நேரம் பென்குயினைப் பார்த்தார். "எவ்வளவு நிஜம்! அப்படியே நம்ம ஊர்ப் பூங்கா!" என்றார். "யாருடைய கைவண்ணம்?"

தெரு முழுவதும் என்னைக் காட்டியது.

பரிசு கிடைக்கவில்லை. அது தேங்காய் நார்க்காரர்களுக்கே மறுபடி போனது. இந்தத் தடவை பனை ஓலையில். ஆனால் எங்கள் தெருவில் அதுவரை காணாத கூட்டம். தலையில்லாத பென்குயினோடு செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. (ஒழுங்கான வரிசை. சுழல் கம்பி இல்லாமலேயே.) எனக்கு மட்டும் வேலை முடியவில்லை. சஷ்டி காலையில் யாரோ ஒரு நல்ல மனிதர் வாசலைப் பெருக்கி, பென்குயின் தலையை உடம்பில் ஒட்ட வைத்து, வயரையெல்லாம் சுருட்டிக் கட்டிவிட்டுப் போயிருந்தார். பல்டுதா பதறினார்.

"பிள்ளைதா! தீமே போச்சு! பராமரிப்பு உங்க டிபார்ட்மெண்ட்தானே?"

ஆகவே தசமி வரைக்கும் ஒவ்வொரு காலையும் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு போய், பெருக்கின குப்பையை மறுபடி பரப்பி, வயரைத் தொங்கவிட்டு, பென்குயின் தலையைக் கழற்றித் தரையில் சரியான கோணத்தில் உருட்டி வைத்தேன். ஜப்பான்காரன் கைப்பிடியைத் துடைத்த சிரத்தையோடு நான் அந்தப் பாழைப் பராமரித்தேன். பால்கனியிலிருந்து மாஷிமா, "இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்" என்று வழிகாட்டினார்.

ரிப்பனை அவர்கள் திரும்ப வாங்கவில்லை. ஆனால் அந்த வருடத்திலிருந்து என் பதவியின் பெயர் மாறியது. வாசல் இன்சார்ஜ் இல்லை, டேப் இன்சார்ஜ். ஒவ்வொரு வருடமும் முதல் மூங்கில் நடும் முன் என்னைக் கூப்பிட்டு, என்னிடம் ஒப்படைத்திருக்கும் டேப்பால் அம்மனுக்கு வழி இருக்கிறதா என்று அளக்கச் சொல்கிறார்கள். அளக்கிறேன். கிடர்பூரில் சம்பளத்துக்குச் செய்கிற அதே வேலையை இங்கே ரிப்பனுக்குச் செய்கிறேன்.

வீட்டில் நிலைமை மோசம். நித்யாவுக்கு வேலை கிடைத்து நியூ டவுனில் பதினோராவது மாடியில் வீடு எடுத்தபோது, பால்கனி எந்தத் திசை, லிஃப்ட் எத்தனை பேர் தாங்கும் என்று நான் ஆயிரம் கேள்வி கேட்டேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "மா டுக்பே தோ, அப்பா?" ஃபிரிட்ஜ் வாங்கினால் கேட்கிறார்கள். சோபா வாங்கினால் கேட்கிறார்கள். என் சட்டைப் பொத்தான் மாட்டாமல் நான் மூச்சை உள்ளிழுக்கும்போது மீனாகூட, வங்காள மொழியே சரியாக வராத மீனா, அதை மட்டும் சுத்தமாகக் கேட்கிறாள். நான் 'சிங்கப்பூர்ல...' என்று தொடங்கினால் போதும், வீடே சேர்ந்து முடித்துவைக்கிறது.

போன வருடம் மைத்துனர் ஐரோப்பாவுக்கு மாறினார். பாசத்தைக் காட்டப் போனோம். வழக்கம் போலப் பூங்கா. வழக்கம் போல அவர்கள் ஆகாயத்துக்கு, நான் பெஞ்சுக்கு. அப்படி ஒரு வாசலை நான் பார்த்ததில்லை. இரும்பில் கொடி வேலை, தங்கப் பூச்சு, ஒரு துரு இல்லை, தரையில் ஒரு சருகு இல்லை. என்னை மறந்து படம் எடுத்துப் பல்டுதாவுக்கு அனுப்பினேன்: 'இதுதான் வாசல்!'

உடனே பதில் வந்தது. என்ன பதில் என்று சொல்லவேண்டியதில்லை.

நான் வாசலைப் பார்த்தேன். எனக்கும் விட மனமில்லை. பைகளைப் பெஞ்சில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய், ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை குடைக்கணக்கில் அளக்க ஆரம்பித்தேன். அகலம் போதாது. உயரத்துக்குக் குடையைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது, சீருடை போட்ட பெண்ணொருத்தி மிகுந்த மரியாதையோடு வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எங்கள் அம்மா இதில் நுழைவாளா என்று பார்க்கிறேன்" என்றேன். "பத்துக் கை. கூட ஒரு சிங்கம்."

அவள் முகம் மாறவில்லை. அங்கேயெல்லாம் பயிற்சி அப்படி. "பெரிய பொருள்களை இடதுபக்கக் கவுண்டரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், சார்" என்றாள்.

அதை அப்படியே பல்டுதாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: 'அப்படியானால் அது ஒரு வாசலா? திரும்பி வாங்க. மூங்கில் வந்தாச்சு, டேப் உங்ககிட்டதான் இருக்கு.'